உப்புப் பூக்காத தரை

சகாதேவன் மேஸ்திரி போட்ட தரையில் உப்புப் பூக்காது. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஊரில் இது லேசுப்பட்ட பேச்சில்லை, தெரிந்துகொள்ளுங்கள். இங்கே எங்கே தோண்டினாலும் கரிப்புத் தண்ணீர்தான். அது தோண்டிய இடத்தோடு சும்மா கிடக்காது. மண்ணைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும், சிமெண்டுக்குள் நுழையும், காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கும். புதுவீட்டில் பால் காய்ச்சி ரெண்டு மழை பார்ப்பதற்குள் தரை பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்துவிடும். காலையில் பெருக்கினால் முறம் நிறையத் தரையே வரும். வீட்டுக்காரி பெருக்கிக்கொண்டே கொத்தனாரின் மூன்று தலைமுறையையும் திட்டுவாள். அந்தத் திட்டு வாங்காத ஒரே கொத்தனார் சகாதேவன்தான்.

"என்ன மாயம் மேஸ்திரி?" என்று கேட்டால், "கை ராசிப்பா" என்று சிரிப்பார்.

கை ராசியாவது, கத்தரிக்காயாவது! அடித்தளம் நிரப்பும் நாளில் வீட்டுக்காரர்கள் யாரும் அங்கே நிற்கக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தார். கண்ணு பட்டால் தரை வெடிக்குமாம். இந்து வீடாக இருந்தால் கையில் ஒரு பூசணிக்காயைக் கொடுத்து, "ஊர் எல்லையில ஒடைச்சிட்டு மெதுவா வாங்க" என்று அனுப்பிவைப்பார். கிறிஸ்தவ வீடாக இருந்தால், "மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏத்திட்டு வாங்க" என்பார். அப்படி ஒரு சடங்கு இந்த உலகத்திலேயே கிடையாது. அவரே கட்டிவிட்டது. ஜனங்கள் நம்பினார்கள். நாளாக ஆக, "எங்க தாத்தா காலத்துலருந்து அப்படித்தான்" என்றுகூடச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

அவர்கள் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் அவருடைய குட்டியானை லோடு வண்டி வரும். தார்ப்பாயை விலக்கினால் உள்ளே கறுப்புக் கப்பி. பொறுக்குப் பொறுக்காக, கையில் அள்ளினால் கனக்கும். ரோட்டுக்கு மேற்கே பழைய பேட்டரிகளை உடைத்து உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்கி எடுக்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. உருக்கிய பிறகு உலையில் மிஞ்சுகிற கசடுதான் அந்தக் கப்பி. கம்பெனியின் பின்சுவரை ஒட்டிக் குப்பையாகக் குவித்துவைத்திருந்தார்கள். "வேணும்னா அள்ளிட்டுப் போ மேஸ்திரி, எங்களுக்கும் எடம் ஒழியும்" என்றான் வாட்ச்மேன். சகாதேவன் அதை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, இடித்து இறுக்கி, மேலே செம்மண் போட்டு மூடி, அதற்குமேல் காங்கிரீட் போடுவார். கரிப்புத் தண்ணீர் அந்தக் கப்பியைத் தாண்டி ஏறாது. மிச்சத்தை வாசலில் பரப்பிச் செம்மண் தூவிவிடுவார். மழைக்கும் சேறாகாது. தொழில் என்று பார்த்தால் நல்ல யோசனைதான். யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டதற்குக் காரணம் வேறொன்றுமில்லை, மற்ற கொத்தனார்கள் காப்பியடித்துவிடுவார்களே என்ற பயம்.

முதல்முதலாக அதைக் காலனியில் மகள் கலைமதியின் வீட்டுக்குத்தான் போட்டார். தரை நின்றது. பிறகு காலனியில் எழும்பிய புது வீடுகளுக்கெல்லாம் போட்டார். அவர் குடியிருக்கும் பழைய வீட்டுச் சுவரில் மட்டும் உப்பு வஞ்சனையில்லாமல் பூத்துக் கொட்டும். "ஊருக்கெல்லாம் மேஸ்திரி, எனக்கு மட்டும் முறம்" என்பாள் மனைவி சுலோசனா.

போன கார்த்திகைப் புயலுக்குப் பிறகுதான் கம்பெனியைப் பற்றிய பேச்சு ஊரில் சூடு பிடித்தது. வெள்ளம் கம்பெனிச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே போய், அங்கிருந்த அழுக்கையெல்லாம் ஓடையில் இறக்கிவிட்டது. அந்தத் தண்ணீரைக் குடித்த மாடுகள் நுரை தள்ளிச் செத்தன. ஊரே திரண்டு கம்பெனி கேட்டில் உட்கார்ந்தது. சகாதேவன் முன்வரிசையில் உட்கார்ந்து, "மூடு! மூடு!" என்று தொண்டை வறளக் கத்தினார். மனசாரத்தான் கத்தினார். அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது.

மார்கழியில் மண்ணைச் சோதிக்க ஒரு குழு வந்தது. அதை நடத்தியவர் விஜயலட்சுமி என்ற ஆராய்ச்சியாளர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு, எதையும் ரெண்டு தடவை சொல்லிப் புரியவைக்கிற பொறுமைசாலி. வேலை தொடங்கும் முன் பள்ளிக்கூட மைதானத்தில் ஊரைக் கூட்டி விளக்கினார்.

"கம்பெனிக்குப் பின்னாடி கறுப்பாக் கொட்டி வெச்சிருக்காங்களே, அந்தக் கசடுதான் இருக்கறதுலயே மோசம். அதுல ஈயம் இருக்குது. கொழந்தைங்க அத தொடக் கூடாது, வாயில போடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனாலே மூளைய பாதிக்கும். பேச்சு வர்றது லேட்டாகும், படிப்பு ஏறாது. மாசமா இருக்கறவங்க வயித்துல இருக்கற கொழந்தைக்கும் அது போகும்."

கூட்டம் மொத்தமும் கம்பெனி இருக்கிற திசையைத் திரும்பிப் பார்த்தது. சகாதேவன் மட்டும் குனிந்து தரையைப் பார்த்தார். கலைமதி அப்போது மாசமாக இருந்தாள்.

மறுநாள் காலையிலேயே மகள் வீட்டு வாசலில் கடப்பாரையோடு நின்றார். "லெவல் சரியில்லம்மா, தண்ணி உள்பக்கமா வாட்டம் கட்டுது. நீ அம்மாகிட்டப் போய் இரு, நான் பிரிச்சிப் போட்டுடறேன்" என்றார். மருமகன் சதீஷுக்கு ஒரகடத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். "கண்ணாடி கணக்கா இருக்கற தரைய எதுக்கு மாமா ஒடைக்கறீங்க?" என்று போனில் கேட்டான். "உனக்குத் தெரியாது மாப்ள" என்று அவன் வாயை அடைத்தார். தூசி பறக்கக் கூடாதென்று தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தரையைப் பெயர்த்தார். கப்பியை ஒரு துணுக்கு விடாமல் அள்ளி, கம்பெனிச் சுவருக்குப் பின்னால், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்க் கொட்டினார். ஆற்றுமணல் போட்டுப் புதுத் தரை போட்டார். இதில் உப்புப் பூக்கும், பூத்துத் தொலையட்டும் என்று நினைத்துக்கொண்டார். வளைகாப்பு முடிந்ததும் கலைமதி பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். அந்த வீடு பூட்டிக்கிடந்தது.

அன்றைக்கே மற்ற வீடுகளுக்கும் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். இதில் என்ன ரெண்டு பேச்சு? ஆனால் மனுஷனுக்குக் காரணமா கிடைக்காது? முதலில், போராட்டம் முடியட்டும், இப்போது சொன்னால் கம்பெனிக்காரன் பழியை நம்ம தலையில் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வான் என்று சொல்லிக்கொண்டார். பிறகு, காங்கிரீட்டுக்கு அடியில் இருக்கிறதுதானே, அது யாரைக் கடிக்கப்போகிறது என்று சொல்லிக்கொண்டார். அப்படியென்றால் மகள் வீட்டுக் காங்கிரீட்டை எதற்கு உடைத்தாய் என்று உள்ளேயிருந்து ஒன்று கேட்கும். அதற்கு அவர் காது கொடுக்கவில்லை.

தை மாதம் பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. காலனியில் சகாதேவன் தரை போட்ட வீடுகளில் ஒன்று மேரிசெல்வியுடையது. அவளுடைய மகள் செலினுக்கு மூணு வயதாகியும் இன்னும் பேச்சு சரியாக வரவில்லை. எப்போதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிணுங்குவாள். அவளுடைய ரத்தத்தில்தான் ஈயம் எக்கச்சக்கமாக இருந்தது. கம்பெனி ஒரு மூலை, காலனி ஒரு மூலை. இவ்வளவு தூரத்தில் இருக்கிற வீட்டுக்கு எப்படி வந்தது? "நாளைக்கு அந்த வீட்டைச் சோதிக்கணும்" என்று விஜயலட்சுமி டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தது சகாதேவன் காதில் விழுந்தது.

அடுத்து அவர் செய்த காரியத்தை எழுதவே கை கூசுகிறது. அன்று மத்தியானமே ஒரு வண்டி மணலைக் கொண்டுபோய் மேரிசெல்வி வீட்டு வாசலில் இறக்கினார். புயல் மழையில் மேலிருந்த செம்மண் கரைந்து, அங்கங்கே கறுப்புக் கப்பி பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

"எதுக்குண்ணா இது?" என்று மேரிசெல்வி ஓடிவந்தாள்.

"வாசல்ல தண்ணி நிக்குதேம்மா. வேற ஒரு வேலைல மிஞ்சுனதுதான், வீணாப் போறத்துக்கு இங்க போட்டா மேடாகும்" என்றார்.

முட்டியளவு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே கொத்திப் பரப்பி, மிதித்து, தண்ணீர் தெளித்து, ஒரு கறுப்புப் புள்ளிகூடத் தெரியாமல் மூடினார். "எங்க கூடப்பொறந்தவங்ககூட இப்படி செய்யமாட்டாங்கண்ணா" என்று மேரிசெல்வி ஏலக்காய் தட்டி டீ போட்டுக் கொடுத்தாள். அவர் அதை ஊதி ஊதிக் குடித்தார்.

மறுநாள் விஜயலட்சுமி வந்தார். தலைமுடி காயவைக்கிற மிஷின் மாதிரி ஒன்றைக் கையில் பிடித்து மண்ணில் வைத்து அழுத்தினால், அதில் என்னென்ன உலோகம் இருக்கிறதென்று நம்பர் வருகிறது. தெருவே வேடிக்கை பார்த்தது. சகாதேவனும் நின்றார். விஜயலட்சுமி வாசலில் நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. வீட்டுக்குள் நடுத் தரைத் தூசியில் கொஞ்சம் காட்டியது. ஆள் வருகிறார்களென்று மேரிசெல்வி பாய் விரித்திருந்த சுவரோரத்தில் யாரும் வைத்துப் பார்க்கவில்லை. கொடியில் மேரிசெல்வியின் புருஷன் அந்தோணிசாமியின் காக்கிச் சட்டை தொங்கியது. அவன் அதே கம்பெனியில்தான் பேட்டரி உடைக்கிற வேலை பார்த்தான். சட்டையில் மிஷினை வைத்ததும் நம்பர் எகிறியது. அவனுடைய சாப்பாட்டுப் பையில் அதற்குமேல் எகிறியது.

விஜயலட்சுமி நிதானமாகத்தான் சொன்னார். "வாசல் மண்ணுல இல்ல. சட்டையில, பையில இருக்குது. வேல செய்யற எடத்துலருந்து துணியில ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வரும், பல ஊர்ல இப்படி நடந்திருக்குது. இவர் மேல தப்பு இல்ல, கம்பெனிதான் குளிக்கறதுக்கும் துணி மாத்தறதுக்கும் ஏற்பாடு செஞ்சிருக்கணும்."

கடைசி வாக்கியம் யார் காதிலும் ஏறவில்லை. மேரிசெல்வி புருஷனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சகாதேவன் சாகிறவரைக்கும் மறக்கமாட்டார். அந்தோணிசாமி வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மகளைத் தூக்கிக் கொஞ்சுகிறவன். அந்தக் கொஞ்சல்தான் விஷம் என்றால் அவன் என்ன செய்வான்? கொடியிலிருந்த சட்டையை இழுத்துக்கொண்டு போய் வயல்வெளியில் போட்டுக் கொளுத்தினான். கம்பெனி வேலையை விட்டான். அப்புறமும் மேரிசெல்வி அவனை வீட்டுக்குள் விடவில்லை. "உங்க ஒடம்புலயே ஊறிக் கெடக்குது, போய்டுங்க" என்று வாசலில் நின்று கத்தினாள். தெருவும் அவள் பக்கம்தான் பேசியது. "பெத்த புள்ளைக்கே விஷம் வெச்சிட்டான்" என்று வாய் கூசாமல் சொன்னார்கள்.

அவன் உப்பளத்தில் கூலி வேலைக்குச் சேர்ந்து, உப்பு அடுக்குகிற கொட்டகையிலேயே ஒரு மூலையில் படுத்துக்கொண்டான். சாயங்காலமானால் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, தெருமுனையில் வந்து நிற்பான். அதற்குமேல் ஒரு அடி வைக்கமாட்டான். ஒருநாள் சகாதேவன் பார்க்கவே செலின் அவனைக் கண்டுவிட்டு ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். அந்தோணிசாமி திரும்பி ஓட்டமெடுத்தான். பெத்த மகளிடமிருந்து, விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். குழந்தை தெரு நடுவில் உட்கார்ந்து வீறிட்டு அழுதது. சகாதேவன் அதைத் தூக்கிக்கொண்டுபோய் மேரிசெல்வியிடம் கொடுத்தார். "நீங்களாவது இருக்கீங்களே" என்றாள் அவள். அன்று ராத்திரி சோற்றைப் பாதியில் ஒதுக்கினார். "என்னங்க, வேல செய்யற எடத்துல எதுனா தகராறா?" என்று சுலோசனா கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்று தட்டில் கை கழுவினார். பாவி, அப்போதாவது வாயைத் திறந்தாரா என்றால், இல்லை.

சித்திரையில் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். அப்பன் வீட்டுப் பக்கம் வராமல் இத்தனை நாளாயிற்று, இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை, முன்னைவிட ஏறியிருந்தது.

மேரிசெல்வி சகாதேவனை வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் போனபோது அவள் முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது.

"மேஸ்திரிண்ணா, நீங்க சொன்னா அவரு கேப்பாரு. தெருமுனைக்குக்கூட வரக் கூடாதுன்னு சொல்லிடுங்க. ரத்தத்துல ஏறியிருக்குதுன்னா என்ன அர்த்தம்? நான் அசந்த நேரம் பாத்து வந்து புள்ளயத் தூக்கறாருன்னுதான? கேக்கலன்னா நான் போலீசுக்குப் போய்டுவேன்."

சகாதேவன் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் செலினைப் பார்த்தார். சுவரோர மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளத்தில் ஊறி அந்த மூலையில் தரை பெயர்ந்திருந்தது. ஓட்டைக்குள் விரலை விட்டு, கறுப்புத் துணுக்குகளை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்து, ஒரு பிளாஸ்டிக் சொப்புச் சட்டியில் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அது என்னம்மா வெளையாட்டு?"

"அதுவா, கொழம்பு வெக்கறாளாம். அது மெளகாம்" என்று மேரிசெல்வி மூக்கை உறிஞ்சினாள். "புயலுக்கப்புறம் அந்த மூலையிலதான் பொழுதுக்கும் ஒக்காந்திருப்பா. ஒருநாள் வந்து பூசிக் குடுத்துடுங்கண்ணா."

செலின் சட்டியை அவரிடம் நீட்டினாள். "தாத்தா, கொயம்பு" என்றாள். பிறகு தானே விரலை விட்டு எடுத்து வாயில் வைத்துச் சப்பினாள்.

வாசலை மூடினாரே, இந்த மூலையை நினைத்துப் பார்த்தாரா? சகாதேவன் பாய்ந்து போய்ச் சட்டியைப் பிடுங்கினார். குழந்தை அலறியது. "எறும்பு, எறும்பு இருந்துச்சி" என்று உளறினார். "கொழந்தைய அந்த மூலைப் பக்கம் விடாதம்மா. தூக்கி வெச்சிக்க. நான் போய் அந்தோணியப் பாத்துட்டு வரேன்." சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார்.

உப்பளத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. அந்தோணிசாமி பாத்தியில் நின்று பலகையால் உப்பை வாரி வரப்பில் ஏற்றிக்கொண்டிருந்தான். சகாதேவனைக் கண்டதும் கரையேறி வந்தான். பக்கத்தில் வரவில்லை. நாலு முழம் தள்ளியே நின்று, தோளிலிருந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டான்.

"மேரி அனுப்பிச்சாளாண்ணே? ரிசல்ட் கேள்விப்பட்டேன். நான் வீட்டாண்ட போவவே இல்லண்ணே, மாதா சத்தியமா." கண் கலங்கியது. "ஒண்ணு கேக்கணும். மூச்சுக்காத்துலகூட அந்த ஈயம் வருமா? ஒரே ஒரு தடவ தெருமுனையில நின்னு செலினுன்னு சத்தமாக் கூப்புட்டேன். காத்து அந்தப் பக்கமா அடிச்சிது. அதுலயாண்ணே ஏறிடுச்சி?"

அவ்வளவுதான். மார்கழியிலிருந்து கட்டிக் காத்ததெல்லாம் உடைந்தது. சகாதேவன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயது தாண்டிய மனுஷன், உப்பளத்து ஆட்கள் பார்க்கப் பார்க்க, தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"டேய், நீ இல்லடா. நீ ஒண்ணும் பண்ணல. எழுந்து வா, வீட்டுக்குப் போலாம்."

வாசலில் புருஷனைக் கண்டதும் மேரிசெல்வி குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "இவர எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று சீறினாள். சகாதேவன் நின்ற இடத்திலேயே சொல்ல ஆரம்பித்தார். பூசி மெழுகவில்லை. கப்பியை எங்கிருந்து அள்ளினார், எதற்குப் போட்டார், மாதா கோயிலுக்கு ஏன் அனுப்பினார், எல்லாவற்றையும் சொன்னார். சொப்புச் சட்டியைக் காட்டி, "இது மெளகு இல்லம்மா, இதுதான் அது. உங்க காலுக்கடியில மொத்தமும் இதுதான்" என்றார்.

முதலில் அந்தோணிசாமிதான் வாயைத் திறந்தான். "அப்போ நான் இல்லையாண்ணே?"

"சட்டையில வந்தது கொஞ்சம் இருக்கும்டா. ஆனா நீ போனப்புறமும் ஏறியிருக்குதே, அது என்னாலதான்."

"நான் இல்ல. மேரி, நான் இல்லையாம்!" அவன் சகாதேவனின் ரெண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மினான். "நல்லா இருப்பீங்கண்ணே. நீங்க நல்லா இருப்பீங்க." செருப்பால் அடித்திருந்தால் சகாதேவன் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. கையை உருவப் பார்த்தார், அவன் விடவில்லை.

மேரிசெல்வி அழவில்லை. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு மணல் கொட்டுனீங்களே, அது?"

"மிஷின்ல காட்டக் கூடாதுன்னுதாம்மா."

"நான் டீ போட்டுக் குடுத்தேனே."

சகாதேவன் காலடியில் கிடந்த அந்த மணலைப் பார்த்தார்.

"உங்க பொண்ணு வீட்டுக்கும் நீங்கதான தரை போட்டீங்க? அதுலயும் இதுதானா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. நாக்கு அந்தப் பக்கம் திரும்பவும் பார்த்தது. "இருந்துச்சி. தோண்டி எடுத்துட்டேன்."

"எப்போ?"

"மார்கழியில."

"மார்கழியிலயே உங்களுக்குத் தெரியும்" என்றாள் மேரிசெல்வி. குரல் உயரவேயில்லை. "தையில எம்புருஷன நான் வெரட்டறப்போ நீங்க இங்கதான் நின்னுக்கிட்டு இருந்தீங்க."

அந்தோணிசாமி அவருடைய கைகளை விட்டான். விட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். இப்போதாவது அடிப்பான் என்று சகாதேவன் எதிர்பார்த்தார், கொஞ்சம் ஆசைப்படவும் செய்தார். அவன் அடிக்கவில்லை. மனைவியிடம் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டான். செலின் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் முகத்தைத் தேய்த்தாள். இத்தனை நாள் கழித்து மகளைத் தூக்கியவனுக்கு, உள்ளே போய் உட்காரக்கூட அந்த வீட்டில் ஒரு இடமில்லை.

சகாதேவன் வாசல் மூலையில் கிடந்த கடப்பாரையைப் பார்த்து ஒரு அடி எடுத்துவைத்தார். "நான் இப்பவே பிரிச்சி எடுத்துடறேம்மா. எல்லாத்தையும் புதுசா..."

"நீங்க எதையும் தொடாதீங்க. அந்த மேடம் வந்து பாத்துட்டு சொல்லட்டும்." மேரிசெல்வி உள்ளே போனாள். மாற்றுத் துணி ரெண்டு, பால் டப்பா, குழந்தையின் மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்து கையை நீட்டினாள். "உங்க பொண்ணு வீட்டுச் சாவியக் குடுங்க. அது சும்மாதான பூட்டிக் கெடக்குது? இந்தக் காலனியில சுத்தமான தரை அது ஒண்ணுதான். எங்க புள்ள அங்க இருக்கட்டும்."

கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. கடன் கொடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கேட்கிற மாதிரி கேட்டாள். சாவி கலைமதியிடம் இருந்தது.

வீடு வரைக்கும் நடந்த தூரத்தில் சகாதேவனுக்கு நாலைந்து பொய் தோன்றியது. அவர்கள் வீட்டில் ஒழுகுகிறது என்று சொல்லலாம். பூச்சி மருந்து அடிக்கிறார்கள் என்று சொல்லலாம். கலைமதி கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுவாள். அப்பா சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. சின்ன வயதிலிருந்தே அவர் வேலை செய்கிற இடத்துக்கெல்லாம் வந்து, "இது எங்கப்பா கட்டினது" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட பெண்.

கலைமதி ஃபேனுக்கு நேராகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நிறைமாசம். மூச்சு வாங்கியது.

"எதுக்குப்பா சாவி?"

சொன்னார். சுலோசனா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றுவிட்டாள். சொல்லி முடித்ததும் கலைமதி தன் வயிற்றைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"லெவல் சரியில்லன்னு சொன்னியேப்பா."

"உனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதாம்மா..."

"எனக்கு ஆவக் கூடாது. சரி. செலினுக்கு?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவர் கை கொடுக்கப் போனார், வாங்கிக்கொள்ளவில்லை. ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து அவரிடம் தராமல் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நானே போய்க் குடுக்கறேன். மேடத்துக்கும் நான் போன் பண்றேன். இன்னும் எத்தன வீட்டுல போட்டிருக்கன்னு உனக்குத்தான் தெரியும். மொதல்ல அமராவதி அக்கா வீட்டுக்குப் போ. ஒவ்வொரு வீடாப் போய், மேரி அக்காகிட்டச் சொன்ன மாதிரியே சொல்லு. மார்கழியையும் சேத்துச் சொல்லு."

"சொல்லிட்டு வரேம்மா."

"சொல்லிட்டு வா. அப்புறமா என்கிட்ட பேசு."

அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். சுலோசனா கரண்டியோடு உள்ளே திரும்பினாள். அமராவதியின் கைக்குழந்தை இப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. சகாதேவன் செருப்பைக்கூட மாட்டாமல் அவள் வீட்டைப் பார்த்து நடந்தார்.